தள்ளாட்டத்தின் வம்சாவளி

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 38. இருபது வருடமாகத் தறியில் நிற்பவர். அறுந்த பாவு நூலைக் கண் பார்க்கும் முன்பே விரல் முடிச்சுப் போட்டுவிடும், அப்படிப்பட்ட கை. இந்த ஒரு வருடமாக முடிச்சு விழுவதில்லை. இரண்டு நூலும் கைக்கு வருகின்றன, ஆனால் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடுகின்றன. ஓடையில் இறங்கும்போது காலை அகட்டி வைக்கிறார். பேச்சு குழறுகிறது. கோவையில் நரம்பியல் மருத்துவர் முன் உட்கார்ந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை இப்படித்தான் இருக்கும்: “ஏனுங்க, ஊர்ல குடிகாரன்னு பேசறாங்க. நான் ஒரு சொட்டு தொட்டதில்லீங்க.”

மருத்துவர் அவரை ஒரு குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். இரண்டாவது அடியிலேயே சுவரைப் பிடிப்பார். மூக்கைத் தொட்ட விரலால் மருத்துவரின் விரலைத் தொடச் சொன்னால், குறியை நெருங்க நெருங்க விரல் அலைபாயும். தசையில் பலம் குறையவில்லை. பலத்தை எந்த நேரத்தில், எவ்வளவு, எந்தத் திசையில் செலவிடுவது என்ற கணக்குதான் குலைந்திருக்கிறது. அந்தக் கணக்குப்பிள்ளை தலையின் பின்புறம் கீழே இருக்கும் சிறுமூளை. இந்தக் குலைவுக்கு அட்டாக்சியா என்று பெயர். ஒழுங்கின்மை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

அடுத்து ஒரு கேள்வி வரும். கொங்கு நாட்டில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த மருத்துவமனையிலும் வரும்: “அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா?” கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியோடு விசாரணை நின்றுவிட்டால் நோயும் பிடிபடாது. சில நேரம் கைக்கெட்டிய மருந்தும் தவறிப்போகும். கடந்த அறுபது வருட அட்டாக்சியா ஆராய்ச்சி, மூளையின் எரிசக்தி பற்றிய ஆராய்ச்சியோடு சேர்ந்து நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

மும்பையில் ஒன்பது குடும்பங்கள்

பரம்பரையாக வரும் அட்டாக்சியாவை முதலில் தெளிவாக வரையறுத்தவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து மருத்துவர் நிக்கோலஸ் ஃபிரீட்ரைக். 1863-இல் தொடங்கிய அவரது கட்டுரைகளால் ஒரு வகை நோய் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. இந்திய மண்ணில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் மும்பையின் நோஷிர் வாடியா. 1971-இல் அவரும் ஆர்.கே.சுவாமியும் ‘பிரெய்ன்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒன்பது குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக நடை தள்ளாட்டம். அதோடு யாரும் அதுவரை பெரிதாகக் கவனிக்காத ஓர் அடையாளம்: கண்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் வேகம் மிகவும் குறைந்திருந்தது. நாம் பக்கவாட்டில் பார்க்கும்போது கண் சட்டென்று தாவும். அந்தக் குடும்பத்தாரின் கண் ஊர்ந்து போனது.

அந்தக் காலத்தில் மரபணுச் சோதனை கிடையாது. கண்ணை உற்றுப் பார்த்தும் குடும்ப மரத்தை வரைந்தும் மட்டுமே இது தனி நோய் என்று வாடியா முடிவுக்கு வந்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1996-இல், எஸ்.சி.ஏ.2 என்ற வகைக்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 1998-இல் வாடியாவின் குழுவே தங்கள் இந்தியக் குடும்பங்களை மரபணுச் சோதனையோடு மறுபடி ஆராய்ந்து அதே இதழில் எழுதியது. மெதுவாக ஊரும் கண், எஸ்.சி.ஏ.2-இன் முத்திரை என்று உறுதியானது. விலை கூடிய கருவி எதுவும் இல்லாமல், நோயாளியின் முன் பொறுமையாக உட்கார்ந்து செய்த ஆராய்ச்சி அது.

எஸ்.சி.ஏ. என்றால் தண்டுவட–சிறுமூளை அட்டாக்சியா. கூடவே வரும் எண், அந்த வகை அடையாளம் காணப்பட்ட வரிசை எண். முதல் எண்ணின் கதை வேறு விதம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டச்சு வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் இந்த நோய் ஓடியது. அந்தக் குடும்பத்திலேயே பிறந்து மருத்துவரான ஜான் ஷட், தன் சொந்தங்களைப் பற்றியே ஆய்வு செய்தார். நோய் அவரையும் பிடித்தது. 1957-இல் அவர் தொடங்கியதுதான் அமெரிக்காவின் தேசிய அட்டாக்சியா அறக்கட்டளை. 1993-இல் மின்னசோட்டாவின் ஹாரி ஓர், டெக்ஸாஸின் ஹுடா ஸோக்பி ஆகிய இருவரின் ஆய்வகங்களும் எஸ்.சி.ஏ.1 மரபணுவின் கோளாறை ஒரே நாளில் கண்டறிந்தன.

கோளாறு என்ன? மரபணு எழுத்தில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து மந்திரம் ஒன்று சில இடங்களில் திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வரும், அளவோடு வரும். எஸ்.சி.ஏ.1 மரபணுவில் நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையைத் தாண்டினால் வம்பு. ஒவ்வொரு சி.ஏ.ஜி.க்கும் புரதத்தில் ஒரு குளூட்டமின் சேர்கிறது. நீண்ட குளூட்டமின் வால் உள்ள புரதம் செல்லுக்குள் சரியாக மடங்காமல் நஞ்சாகிறது. அதோடு, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும்போது எண்ணிக்கை இன்னும் நீளக்கூடும். தாத்தாவுக்கு ஐம்பதில் வந்தது, அப்பாவுக்கு நாற்பதில், பேரனுக்கு இருபத்தைந்தில் வரும். “தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரமா வருது, எங்க குடும்பத்து மேல சாபம் இருக்குது” என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த எண்ணிக்கை நீட்சிதான்.

தமிழ்ச் சமூகத்தில் ஓர் ஆய்வு

2005-இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் ஆர்.ரெங்கராஜ், எம்.தனராஜ் முதலியோர், கொல்கத்தா சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் என்.பி.பட்டாச்சார்யாவின் குழுவோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தமிழ் பேசும் ஒரு சமூகத்தில் எஸ்.சி.ஏ.1 மிக அதிகமாகக் காணப்படுகிறது என்பது அதன் செய்தி. எந்தச் சமூகம் என்பதைக் கட்டுரை சொல்கிறது. இங்கே அதை எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே ஒரு பெண் பார்க்கும் படலத்தில் அது கேள்வியாக நிற்கும் என்பது நமக்குத் தெரியும். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்களும் 2007-இல் தென்னிந்திய நோயாளிகளில் எஸ்.சி.ஏ. 1, 2, 3 வகைகளைத் தேடிய ஆய்வை வெளியிட்டார்கள். வட இந்தியாவில் எஸ்.சி.ஏ.12 ஒரு குறிப்பிட்ட வணிகச் சமூகத்தாரிடம் திரளாகக் காணப்படுகிறது. கியூபாவின் ஹொல்கின் மாகாணத்தில் எஸ்.சி.ஏ.2 உலகிலேயே மிக அதிகம்.

எங்கோ ஒரு முப்பாட்டனிடமோ முப்பாட்டியிடமோ நீண்டுபோன மரபணு, தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் ஒரு வட்டத்துக்குள் பல தலைமுறை சுற்றினால், அந்த வட்டத்தில் நோய் திரளும். இதில் சொந்தத்தில் மணப்பதற்கு நேரடிப் பங்கு இல்லை. காரணம், எஸ்.சி.ஏ.1 ஓங்கு மரபணு நோய். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடம் ஒரு பிரதி இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அமெரிக்காவில் முன்பின் தெரியாத பெண்ணை மணந்தாலும் அதே பாதிப்பாதிதான்.

இந்த இடத்தில் நம் ஊர்ப்பேச்சு இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறது. அகமணம் என்பது ஒன்று: சமூகத்துக்குள்ளேயே மணம். நெருங்கிய உறவு மணம் என்பது இன்னொன்று: மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள். கொங்கு நாட்டில் கூட்டம் பார்த்து மணப்பது தெரிந்ததே. ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஆனால் கூட்டம் அப்பன் வழியில் மட்டுமே எண்ணப்படுகிறது. மாமன் மகள் வேறு கூட்டம்; ஆனாலும் அவளும் நானும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். கூட்டம் பார்ப்பதால் ரத்த உறவு விலகிவிடுகிறது என்று நம்புவதற்கு மரபியலில் இடமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டு மணங்களில் நான்கில் ஒன்றுக்குக் குறையாதவை உறவுக்குள் நடந்தவை.

உறவு மணம் பாதிப்பது ஒடுங்கு மரபணு நோய்களில். இதில் நோய் வர, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுப் பிரதிகள் வேண்டும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இருநூறு பேரில் ஒருவர் ஒரு பழுதுப் பிரதியைச் சுமக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமில்லாத இருவர் மணந்தால், இருவருமே சுமப்பவராக இருக்க வாய்ப்பு 40,000-இல் ஒன்று. பிள்ளைக்கு நோய் வர 1,60,000-இல் ஒன்று. மாமன் மகளை மணந்தால், நான் சுமப்பவனாக இருக்கும் பட்சத்தில் அவளும் அதே பிரதியைச் சுமக்க எட்டில் ஒரு வாய்ப்பு. பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 6,400-இல் ஒன்று. இருபத்தைந்து மடங்கு கூடுகிறது. அக்கா மகளை மணந்தால் ஐம்பது மடங்கு. அப்படிக் கூடினாலும் பெரும்பாலான உறவுத் திருமணங்களில் பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது.

எரிபொருள் கணக்கு

சரி, பழுதுப் பிரதி இரண்டும் சேர்ந்தால் சிறுமூளை ஏன் முதலில் அடிவாங்குகிறது? பதில் எரிபொருளில் இருக்கிறது.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்; ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. இதை உயிருள்ள மனிதரிடம் முதலில் அளந்து காட்டியவர் அமெரிக்காவின் சீமோர் கெட்டி. 1940-களில் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைக் கொஞ்சம் சுவாசிக்கக் கொடுத்து, மூளைக்குப் போகும் ரத்தத்திலும் அங்கிருந்து திரும்பும் ரத்தத்திலும் அதன் அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்து அந்தக் கணக்கைப் போட்டார். அவருக்குப் பின் லூயிஸ் சோகோலோஃப், குளுக்கோஸைப் போலவே செல்லுக்குள் போய், முழுதாக எரியாமல் அங்கேயே தேங்கும் ஒரு மாற்றுச் சர்க்கரையைப் பயன்படுத்தி, மூளையின் எந்த மூலை எவ்வளவு சர்க்கரை எடுக்கிறது என்று படமாக்கும் வழியைக் கண்டார். அந்தச் சர்க்கரையில் கதிரியக்க ஃபுளூரினை ஒட்டி, 1976-இல் பென்சில்வேனியாவில் முதன்முதலாக மனித மூளை படம் பிடிக்கப்பட்டது. இன்று கோவையின் பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோயைத் தேட எடுக்கப்படும் பெட் ஸ்கேன் அதே சர்க்கரையின் வழித்தோன்றல்.

சிறுமூளை மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் மொத்த நரம்பு செல்களில் 80 சதவீதம் வரை அதற்குள் அடைந்திருக்கின்றன. அதன் புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே வழி புர்கின்ஜி செல்கள். விரித்த விசிறிபோல் கிளைத்த பெரிய செல்கள் அவை. யாரும் உத்தரவிடாமலே நொடிக்குப் பல பத்து முறை துடித்துக்கொண்டிருப்பவை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் உள்ளே புகுந்த சோடியத்தை வெளியே இறைக்க வேண்டும். இறைக்கச் சக்தி வேண்டும். ராத்திரி பகலாக ஓடும் மோட்டாருக்கு மின்சாரம் கொஞ்சம் குறைந்தாலும் காயில் தீய்ந்துவிடும் என்பது இந்தப் பகுதியின் பம்புசெட்டுக்காரர் எவருக்கும் தெரியும். புர்கின்ஜி செல்லின் நிலைமையும் அதேதான்.

இப்போது அட்டாக்சியா நோயாளியைப் பெட் ஸ்கேன் செய்தால் சிறுமூளையில் சர்க்கரை எடுப்பு மங்கித் தெரிகிறது. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அந்த மங்கல், செல்கள் செத்ததால் வந்த விளைவா, செல்களைச் சாகடித்த காரணமா? படம் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் குலின் ஓஸ் பல வருடங்களாக இந்தக் கேள்வியின் ஒரு பக்கத்தை ஆராய்ந்து எழுதிவருகிறார். அவரது கருவி காந்த அதிர்வு நிறமாலை. எம்.ஆர்.ஐ. எந்திரத்தைக் கொண்டே மூளைக்குள் இருக்கும் வேதிப்பொருள்களின் அளவை, ஊசி போடாமல், சதையைத் தொடாமல் அளக்கும் முறை. எஸ்.சி.ஏ. நோயாளிகளின் சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் நரம்பு செல்களின் நலத்தைக் காட்டும் என்-அசிட்டைல் அஸ்பார்டேட் குறைந்திருந்தது. துணைச் செல்களின் கிளர்ச்சியைக் காட்டும் மயோ-இனோசிட்டால் கூடியிருந்தது. செல்லின் அவசரச் சக்திச் சேமிப்போடு தொடர்புடைய கிரியாட்டின் அளவும் மாறியிருந்தது. 2018-இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில், மரபணு இருந்தும் இன்னும் தள்ளாட்டம் தொடங்காதவர்களிடமே இந்த மாற்றங்களின் தடம் தெரிந்தது. எஸ்.சி.ஏ.1 மரபணு புகுத்தப்பட்ட எலிகளில் அந்த மரபணுவை அணைத்தபோது வேதி அளவுகள் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பின.

நாளை ஒரு மருந்து வந்தால் அது வேலை செய்கிறதா என்று நோயாளி தள்ளாட ஆரம்பிக்கும் முன்னரே பார்த்துவிடலாம் என்பது இந்த ஆய்வுகளின் பயன். ஆனால் எஸ்.சி.ஏ. வகைகளில் செல்லின் வேதிக்கணக்கில், அதாவது வளர்சிதை மாற்றத்தில், தெரியும் கோளாறு பெரும்பாலும் நோயின் தடயம்தான். நோயின் வேரே வளர்சிதையில் இருக்கும் அட்டாக்சியாக்கள் வேறு. அவை பெரும்பாலும் ஒடுங்கு மரபணுக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

மருந்துள்ள தள்ளாட்டங்கள்

ஃபிரீட்ரைக் நோயையே எடுத்துக்கொள்வோம். 1996-இல் அதன் மரபணு கிடைத்தது. இங்கே நீள்வது ஜி.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்து. நல்ல நிலையில் முப்பது சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது, நோயாளிகளில் நூற்றுக்கணக்கில், ஆயிரத்தைத் தாண்டியும் போகும். அதனால் ஃபிராடாக்சின் என்ற புரதம் போதுமான அளவு உற்பத்தியாவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பையும் கந்தகத்தையும் கோத்து, சக்தி உற்பத்திக்கான உறுப்புகளைக் கட்ட உதவுவது அந்தப் புரதம். அது இல்லாவிட்டால் செல்லின் உலை அணையத் தொடங்குகிறது. தண்டுவடம், சிறுமூளை, இதயம் எல்லாம் தளர்கின்றன. சிலருக்குச் சர்க்கரை நோயும் வருகிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து ஆணையம் ஓமவெலொக்ஸலோன் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஃபிரீட்ரைக் நோய்க்கென்றே வந்த முதல் மருந்து. நோயின் வேகத்தைக் குறைக்கும், குணமாக்காது. அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்குச் சுமார் 3,70,000 டாலர்.

விலை உச்சத்தில் இருக்கும் இந்த மருந்தின் பக்கத்திலேயே, விலை அடிமட்டத்தில் இருக்கும் இன்னொரு மருந்து உண்டு. பார்ப்பதற்கு ஃபிரீட்ரைக் நோயைப் போலவே இருக்கும் ஒரு நோயில், கல்லீரலில் வைட்டமின் ஈ-யை ரத்தத்தில் ஏற்றி அனுப்பும் புரதம் பழுதுபட்டிருக்கும். சாப்பாட்டில் வைட்டமின் இருக்கிறது, குடலும் உறிஞ்சுகிறது. கல்லீரல் அதை மேலே அனுப்பாமல் விட்டுவிடுகிறது. நரம்புகளைப் பாதுகாக்கும் எண்ணெய்ப்பசை வறண்டுபோவதுபோல. வட ஆப்பிரிக்காவின் துனீசியாவில் இது நன்கு ஆராயப்பட்டது. சிகிச்சை, மருத்துவர் கண்காணிப்பில் உயர் அளவு வைட்டமின் ஈ. சீக்கிரம் தொடங்கினால் நோய் அங்கேயே நிற்கும். ரத்தப் பரிசோதனை ஒன்று போதும் கண்டுபிடிக்க.

இன்னும் சில உண்டு. சிறுவயதில் தீராத பேதி, இருபதுகளிலேயே கண்புரை, குதிகால் தசைநாணில் கட்டி, பிறகு தள்ளாட்டம் என்ற வரிசையில் வரும் ஒரு நோயில், கொழுப்பிலிருந்து பித்த அமிலம் உருவாகும் பாதை அடைபட்டிருக்கும். கெனோடியாக்சிகோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தையே மாத்திரையாகக் கொடுத்துக் கட்டுப்படுத்தலாம். பயோட்டினிடேஸ் குறைபாட்டில் குழந்தைக்கு முடி கொட்டும், தோல் புண்ணாகும், வலிப்பு வரும், நடை தள்ளாடும். பயோட்டின் என்ற சாதாரண பி வைட்டமின் மாத்திரை போதும். வில்சன் நோயில் செம்பு தேங்கும். அதை வெளியேற்ற மருந்து 1950-களிலிருந்தே உண்டு. இவையெல்லாம் ஒடுங்கு மரபணு நோய்கள். அதாவது உறவு மணத்தால் வாய்ப்பு கூடும் நோய்கள்.

முரண் இங்கேதான். சொந்தத்தில் கட்டியதால் வந்த அட்டாக்சியா என்று குடும்பம் தலைகுனிந்து, “இது விதி” என்று விட்டுவிடும் கூட்டத்துக்குள்தான் மருந்துள்ள நோய்களில் பல இருக்கின்றன. சொந்தத்தில் கட்டாததால் பரம்பரை நோயாக இருக்காது என்று நினைத்து விட்டுவிடும் குடும்பங்களுக்குள் எஸ்.சி.ஏ. இருக்கக்கூடும். ஒரே கேள்வி இரண்டு பக்கமும் தவறாகப் பயன்படுகிறது.

என்ன கேட்க வேண்டும்

கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. தாத்தா எப்படி நடந்தார்? கடைசிக் காலத்தில் தடியூன்றியது முதுமையாலா, அதற்கு முன்பேயா? பெரியப்பாவைக் குடிகாரர் என்று சொன்னார்களே, அவர் உண்மையில் குடித்தாரா? அத்தைக்குப் பேச்சு குழறியதா? மூன்று தலைமுறைக்கு ஒரு மரம் வரைந்து, தள்ளாடியவர்களுக்கு நேரே ஒரு புள்ளி வைத்தால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். புள்ளி ஒவ்வொரு தலைமுறையிலும் விழுந்தால் ஓங்கு நோய் என்று சந்தேகிக்கலாம். ஒரே தலைமுறையில் உடன்பிறந்தவர்களிடம் மட்டும் விழுந்தால் ஒடுங்கு நோய்.

தாமதமாக, ஐம்பதுக்கு மேல், விட்டுவிட்டுத் தள்ளாட்டம் வந்தால் அதற்கும் இப்போது பெயர் உண்டு. 2023 தொடக்கத்தில் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் எஃப்.ஜி.எஃப்.14 மரபணுவின் நீட்சி இதற்குக் காரணம் என்று தெரிந்தது. அந்த ஆய்வில் இந்திய நோயாளிகளும் இருந்தார்கள், அவர்களிலும் சிலருக்கு அந்த நீட்சி இருந்தது. பழைய கோப்பில் “காரணம் தெரியவில்லை” என்று எழுதி மூடப்பட்டவர்களை இப்போது மறுபடி அழைத்துப் பார்க்கலாம்.

நோயின் அளவைக் கணிக்க 2006 முதல் ஒரு எளிய அளவுகோலும் இருக்கிறது. நடை, நிற்றல், உட்காரல், பேச்சு, விரலசைவு என்று எட்டு இனங்களுக்கு மதிப்பெண் போட்டு மொத்தம் 40. எந்திரம் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதிப்பிட்டு எழுதிவைத்தாலே, கொங்கு நாட்டு நோயாளிகளைப் பற்றி ஆராய்ச்சிக்குரிய தரவு சேர்ந்துவிடும். நடைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் பலன் தருகின்றன என்று ஹொல்கின் உட்படப் பல இடங்களின் ஆய்வுகள் சொல்கின்றன. மருந்தில்லாத நோயிலும் செய்வதற்கு வேலை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எஸ்.சி.ஏ. குடும்பத்தில் நலமாக இருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு மரபணுச் சோதனை செய்யலாமா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். ஆலோசனைக்குப் பிறகு, தனிமையில், கல்யாணத் தரகர் கேட்கிறார் என்பதற்காக அல்லாமல். அறியாமல் இருக்கும் உரிமையும் உரிமைதான். சிறுவர்களுக்கு, சிகிச்சை இல்லாத நோய்க்கு, இந்தச் சோதனை செய்வதைப் பொதுவாக மருத்துவ நெறிகள் தவிர்க்கச் சொல்கின்றன.

அந்தத் தறிக்காரரிடம் திரும்புவோம். அவருக்கு எந்த வகை அட்டாக்சியா என்று சோதனைக்கு முன் யாராலும் சொல்ல முடியாது. எந்த வகை என்று பாராமலே “ஒண்ணும் பண்ண முடியாது” என்று எழுதி அனுப்புவதுதான் தவறு. குறைந்தபட்சம் வைட்டமின் ஈ, செம்பு, கொழுப்பு அளவுகளுக்கான ரத்தப் பரிசோதனை, மூன்று தலைமுறை மரம், தேவைப்பட்டால் மரபணுச் சோதனை என்ற வரிசையை மாவட்ட அளவிலேயே நடைமுறையாக்க வேண்டும். வாசகர் செய்யக்கூடியது இன்னும் எளிது: உங்கள் ஊரில் தள்ளாடி நடப்பவர் ஒருவர் இருந்தால், அவர் குடித்திருக்கிறாரா என்று கேட்பதற்கு முன், நரம்பியல் மருத்துவரைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.